சனிக்கிழமை போட்ட அஸ்திவாரம்

யாகிட்சாவின் வீடு மத்தியானச் சாப்பாட்டு வேளையில் விழுந்தது. அப்போது அவள் கோழிக்கூண்டுக்குள் பாதி உடம்பை நுழைத்து முட்டை தேடிக்கொண்டிருந்தாள். நிலம் நனைந்த நாயைப் போல ஒரு உதறு உதறியது. அவள் பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்து பார்த்தபோது, புகைபோக்கி கூரையைத் துளைத்துக்கொண்டு போய் அடுப்பின் மேல் உட்கார்ந்திருந்தது. அன்று முழுவதும் அவள் அடுப்பிலிருந்த பீன்ஸ் குழம்பைப் பற்றித்தான் பேசினாள். பன்றிக்கால் போட்டு காலையிலிருந்து வேகவைத்தது, ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். வீட்டைப் பற்றிப் பேச்செடுக்க அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது.

பிறகு அரசாங்கம் ஒரு தகரக் கண்டெய்னரைக் கொண்டுவந்து பிளம் மரங்களுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போனது. கோடையில் அது அடுப்பு. குளிர்காலத்தில் உள்சுவரில் தண்ணீர் வழிந்தது. படுக்கையைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். ஜன்னலுக்குப் பின்னல் திரை, கதவுக்கு வெளியே செருப்பு துடைக்கச் சாக்கு, அம்மாவின் மாதா படம் என்று அந்த டப்பாவை அவள் வீடு மாதிரியே வைத்திருந்தாள். போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் "எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கா!" என்பார்கள். அதைக் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "சவப்பெட்டியைக்கூட உள்ள துணி தைச்சு அழகாத்தான் வெக்கிறாங்க" என்பாள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு, முழங்கால் போனதால் முன்கூட்டியே நின்றவள். கல்யாணம் செய்துகொண்டு போன இடத்திலிருந்து சின்ன வயதிலேயே திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. அந்த ஆளை எல்லோரும் பார்த்திருந்தார்கள். வந்தவள் படுத்த படுக்கையான அப்பாவைப் பார்த்துக்கொண்டாள், பிறகு அம்மாவை. அண்ணன் விலிம் ஜெர்மனியில் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டான்.

நிலநடுக்கத்துக்கு அடுத்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்த சமயத்தில், ஆஸ்திரியாவிலிருந்து ஒரு அறக்கட்டளை மர வீடுகள் கொடுக்க முன்வந்தது. சின்ன வீடுதான். ஒரு அறை, சமையலறை, குளியலறை. சுவர், ஜன்னல், கூரை எல்லாம் தயாராக லாரியில் வரும். அஸ்திவாரம் இருந்தால் மூன்றே நாளில் நிறுத்திவிடுவார்கள். பட்டியலில் யாகிட்சாவின் பெயர்தான் முதல். அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: செப்டம்பர் முடிவதற்குள் மனைக்குக் கட்டட அனுமதி வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் வீடு பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

மாவட்ட அலுவலகத்தில் கட்டட அனுமதிப் பிரிவில் இருந்தது தூப்ராவ்கா என்ற அம்மாள். யாகிட்சா, திருவிழாவுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள். தூப்ராவ்கா கணினியைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள்.

"மனை உங்க பேர்ல இல்லையேம்மா."

"நான் பொறந்ததே அங்கதான்."

"பொறந்தா பேர் ஏறாது. இங்க விலிம்னு இருக்கு. யார் அது?"

"எங்கண்ணன்."

"அப்ப என்ன பிரச்சனை? அண்ணனை ஒரு சம்மதம் எழுதி அனுப்பச் சொல்லுங்க."

"அனுப்ப முடியாது. ஜெர்மனிலயே செத்துட்டான். ரெண்டு குளிர்காலம் ஆச்சு."

தூப்ராவ்கா கண்ணாடியைக் கழற்றினாள்.

"அப்பா செத்தப்ப உங்களுக்குப் பங்கு வந்திருக்குமே?"

"வந்துது. வேணாம்னுட்டேன்."

"அம்மா பங்கு?"

"அதையும்."

"ரெண்டு தடவையுமா?"

"ஒரு தடவை வேணாம்னுட்டு அடுத்த தடவை வேணும்னு நின்னா ஊர் என்ன சொல்லும் மேடம்?"

தூப்ராவ்கா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு, "நானும் என் தம்பிக்கு அப்படித்தான் சொல்லிட்டு வந்தேன்," என்றாள். "ஆனா எனக்குத் தங்கறதுக்கு ஃப்ளாட் இருந்துது."

எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான். அப்பன் செத்தால் வாரிசு விசாரணைக்குக் கறுப்புடையோடு போய் வரிசையாக நிற்பார்கள். நீதிபதி பெண்களைப் பார்த்துக் கேட்பார்; அவர்கள், "எனக்கு ஒண்ணும் வேணாம், அண்ணனுக்கே இருக்கட்டும்," என்பார்கள். சொல்லாதவளுக்குப் 'பங்கு வாங்கினவ' என்று ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளும். அவள் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சில்கூட அது வந்து நிற்கும். யாகிட்சாவும் சொன்னாள். வெளியே வந்ததும் விலிம் எல்லோரையும் எதிரிலிருந்த மதுக்கடைக்குக் கூட்டிப்போய் பிளம் சாராயம் வாங்கிக் கொடுத்தான். கிளாஸை உயர்த்தி, "நீ உயிரோட இருக்கற வரைக்கும் அந்த வீடு உன்னுதுதாண்டி தங்கச்சி," என்றான். மனதாரத்தான் சொன்னான். கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அதை எழுதி வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அதுவே ஒரு அவமரியாதையாகப் போயிருக்கும்.

விலிமுக்கு ஜெர்மன்காரி மனைவி ரெனாட்டெ, ஒரு மகள், ஒரு மகன். மகன் மார்செல் நல்ல பையன். நம் பாஷையை மூன்று வயதுக் குழந்தை மாதிரி பேசுவான். யாகிட்சா தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும், "அத்தை, கவலை வேண்டாம், நான் வருது, எல்லாம் போடுது," என்றான். சொன்னபடி ஈஸ்டர் விடுமுறையில் வந்தான். நோட்டரியிடம் அலைந்தான். ஒவ்வொரு காகிதத்தையும் அங்கே ஒரு தடவை இங்கே ஒரு தடவை மொழிபெயர்த்து முத்திரை வாங்கினான். ஜூன் மாதம் நிலப் பதிவேட்டில் விலிமின் பெயர் போய் மூன்று பெயர்கள் ஏறின. இனி மூன்று பேரும் யாகிட்சா அங்கே வீடு கட்டச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால் போதும். மார்செல் போட்டான். ரெனாட்டெ, அந்த ஊரே வேண்டாம் என்கிற மாதிரி உடனே போட்டாள். புதுப் பெண்ணாக வந்தபோது பனியில் கொல்லைக் கக்கூசுக்கு நடந்ததை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. மகள் சில்வியா மட்டும், ஆகஸ்டில் கடற்கரைக்குப் போகிற வழியில் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போடுவதாகச் சொன்னாள். அதில் தப்பொன்றும் இல்லை. தனக்குச் சொந்தமானதை யாரும் ஒரு தரம் பார்க்கத்தானே நினைப்பார்கள்.

இங்கேதான் ஸ்வோன்கோ நுழைந்தான்.

ஸ்வோன்கோ கொத்தனார், யாகிட்சாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். இந்தச் சரிவில் நிற்கிற வீடுகளில் பாதி அவன் கைபட்டவை. அதில் ஒன்றுகூட அனுமதி வாங்கிவிட்டு ஆரம்பித்ததில்லை. முதலில் சனிக்கிழமை கான்கிரீட் ஊற்றுவது. சனிக்கிழமை ஏனென்றால் அன்று மாவட்ட அதிகாரிக்கு விடுமுறை. திங்கட்கிழமை அவர் வந்து பார்க்கும்போது அது இறுகியிருக்கும். பிறகு மனு, அபராதம், அனுமதி எல்லாம் ஆற அமர நடக்கும். தீயணைப்புச் சங்கத்தின் கட்டடமே அப்படித்தான் எழுந்தது.

"ரெண்டு கையெழுத்து வந்தாச்சு, மூணாவது வரப்போவுது," என்றான் அவளிடம். "பேப்பர் வந்ததுக்கப்புறம் ஊத்தினா அது காய எத்தனை நாள்? ஆஸ்திரியாக்காரன் லாரியோட வந்து நிப்பான், நீ ஈரத் தரையைக் காட்டுவியா?"

"பொண்ணு வந்து பாக்கட்டும் ஸ்வோன்கோ. அதுக்கு முன்னால வேணாம்."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு அங்க? நெருஞ்சியா? கான்கிரீட் போட்டா பாக்கறதுக்காவது ஏதாச்சும் இருக்கும்."

"வேணாம்னா வேணாம்."

"சரி சரி, கெழவி மாதிரி கத்தாத," என்று போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் கலவை இயந்திரம் டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு மேலே ஏறி வந்தது. பின்னாலேயே ஆண்கள், மண்வெட்டி, பலகை, கம்பி. யாரும் கூலி கேட்டு வரவில்லை. அவள் சமையலறையில் பள்ளிக்கூட மதியச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அதில் பாதிப் பேர். யாகிட்சா கண்டெய்னர் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள். திட்ட வேண்டுமென்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் வேலைக்கு வந்து நிற்கிற ஆட்களுக்குச் சாப்பாடு போடாமல் திட்டுவது எப்படி? உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அந்த ஒரு நாள் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் பார்க்கவில்லை. ஈரக் கான்கிரீட்டின் ஓரமாகப் போட்ட பலகையில் நடந்து, "இங்க கட்டில், இங்க அடுப்பு, ஸ்வோன்கோ, இந்தப் பக்கம்தானே பாத்ரூம்? உள்ளேயே இருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"உள்ளேயேதான். நீ ராணி மாதிரி உக்காந்துக்கலாம்."

"வாயைக் கழுவு."

சாயந்திரம் அவளே ஸ்வோன்கோவின் போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லி, அதை மார்செலுக்கு அனுப்பவும் சொன்னாள். பலகைச் சட்டத்துக்குள் வழவழவென்று சாம்பல் நிறத் தரை. பின்னால் கிளாஸை உயர்த்திய ஆண்கள். நடுவில் ஏப்ரனோடு அவள். மார்செல் சந்தோஷப்பட்டு அதை வீட்டில் எல்லோரிடமும் காட்டினான்.

சில்வியா ஆகஸ்ட் முதல் வாரத்தில் வந்தாள். கணவனையும் குழந்தைகளையும் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, அஸ்திவாரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். பிறகு கண்டெய்னருக்குள் வந்து, கொடுத்த காபியை மரியாதையாகக் குடித்தாள். அப்பாவின் மூக்கு அவளுக்கு. நம் பாஷையைத் தம்பியைவிட நன்றாகப் பேசினாள். பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் அப்பாவோடு வேறு பாஷை பேசியதில்லையாம்.

"அத்தை, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். யாரைக் கேட்டு ஊத்தினீங்க?"

யாகிட்சா பதில் சொல்வதற்குள் வாசலில் நின்ற ஸ்வோன்கோ, "யாரை கண்ணு கேக்கணும்? இங்கல்லாம் இப்படித்தான். முதல்ல ஊத்தறது, அப்புறம் மத்ததெல்லாம்," என்றான்.

"அதான் எனக்குப் பயமா இருக்கு மாமா. எங்க வக்கீல்கிட்ட படத்தைக் காட்டினேன். அனுமதி இல்லாம கட்டினா நிலத்துக்காரங்கதான் பதில் சொல்லணுமாம். நிலத்துக்காரி நான். ஒரு வார்த்தை என்கிட்ட யாரும் சொல்லல."

"சொல்லியிருக்கணும்," என்றாள் யாகிட்சா. "தப்புதான். இப்ப கையெழுத்து போட்டுடு கண்ணு, அனுமதி வந்துட்டா எல்லாம் சரியாயிடும்."

சில்வியா கப்பைக் கீழே வைத்தாள்.

"போட மாட்டேன்னு சொல்லல. ஒழுங்கா போடறேன்னு சொல்றேன். இடத்தை அளந்து, உங்களுக்குன்னு ஒரு துண்டு பிரிச்சு, உங்க பேர்லயே எழுதி. அப்பா உங்ககிட்ட ஒரு வார்த்தைல மொத்தத்தையும் வாங்கிட்டாரு. நீங்க வேணாம்னு சொன்னது தப்பு அத்தை. உங்களைச் சொல்ல வெச்சதும் தப்பு. இப்ப அதே மாதிரி கண்ணை மூடிட்டு நானும் போடணுமா? நாளைக்கு என் பொண்ணு கேட்டா என்ன சொல்லுவேன்?"

"எத்தனை நாள் ஆகும் அதுக்கு?"

"அடுத்த வருஷத்துக்குள்ள முடிச்சிடலாங்கறாரு வக்கீல்."

"வீடு செப்டம்பர் வரைக்கும்தான்."

"ஒரு தர்ம வீட்டுக்காக அவசரப்பட்டா மறுபடியும் இதே குழப்பம்தான் வரும்."

ஸ்வோன்கோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். யாகிட்சா அவனைப் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டான். காரில் ஒரு குழந்தை ஹாரனை அழுத்தியது. சில்வியா எழுந்து அத்தையின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். போகும்போது சாக்லேட் பெட்டியும் நல்ல கம்பளிப் போர்வையும் வைத்துவிட்டுப் போனாள்.

கார் திரும்பி மறைந்ததும் ஸ்வோன்கோ வெடித்தான். "அப்பனுக்கு வாய் வார்த்தை போதும், பொண்ணுக்கு வக்கீல் வேணுமா? என்ன ஜென்மம் அது!"

"அவ சொல்றதுல எது தப்பு?" என்றாள் யாகிட்சா.

"என்ன?"

"ஒண்ணு சொல்லு. எது தப்பு?"

அவன் யோசித்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இரண்டு பேருக்குமே நன்றாக இருந்திருக்கும். அந்தப் பெண்ணை மனம்விட்டுத் திட்டியாவது ஆறியிருக்கலாம்.

சில்வியா ஊருக்குப் போனதும் அவள் வக்கீல், இந்தக் கட்டுமானம் எங்கள் கட்சிக்காரருக்குத் தெரியாமல் நடந்தது என்று மாவட்டத்துக்கு எழுதினார். தன் கட்சிக்காரரைக் காப்பாற்றுவது அவர் வேலை. ஆனால் அப்படி ஒன்று எழுத்தில் வந்துவிட்டால் மாவட்டம் பார்க்காதது போல் இருக்க முடியாது. ஒரு புதன்கிழமை அதிகாரி வந்தார். சின்ன வயது, தொண்டை கட்டியிருந்தது. வேலையை நிறுத்தி முத்திரை வைத்ததற்கு அடையாளமாக, நான்கு மூலையிலும் குச்சி நட்டு சிவப்பு நாடா கட்டினார். ஒற்றை ஆளாக அதை இழுத்துக் கட்ட முடியவில்லை அவருக்கு. யாகிட்சாதான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவருக்குத் தேன் போட்டு டீ கொடுத்தாள்.

செப்டம்பர் நடுவில் மறுபடியும் தூப்ராவ்காவிடம் போனாள்.

"ஏம்மா ஊத்தினீங்க?" தூப்ராவ்கா ஏறக்குறைய அழுகிற குரலில் கேட்டாள். "வெறும் நிலமா இருந்திருந்தா நான் ஏதாவது பண்ணியிருப்பேன். அந்தப் பொண்ணுகிட்ட நானே பேசியிருப்பேன். இப்ப முத்திரை வெச்ச இடம். அதை உடைச்சு எடுத்து, அதிகாரி வந்து பாத்து, அப்புறம்தான் உங்க மனுவைத் தொடவே முடியும்."

"நல்ல மனசுல பண்ணினாங்க மேடம்."

"தெரியும்மா. நல்ல மனசை நான் எங்க பதியறது?"

யாகிட்சா தலையாட்டினாள். எழுந்தவள் திரும்பி, "உங்க தம்பி எப்படி, உங்களைப் பாத்துக்கறானா?" என்று கேட்டாள்.

"கிறிஸ்துமஸுக்குப் பன்றித்தொடை அனுப்புவான்."

"நல்லவன்தான்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அறக்கட்டளையிலிருந்து வந்த பெண் செப்டம்பர் கடைசி நாள்வரை காத்திருந்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. வீடு பட்டியலில் அடுத்ததாக இருந்த டெலாச் குடும்பத்துக்குப் போயிற்று. ஆற்றுக்கு அந்தப் பக்கம், மூன்று சின்னக் குழந்தைகள், கண்டெய்னரில் எல்லோருக்கும் மூச்சிரைப்பு. அடுத்த வருஷம் வீடுகள் வருமா என்று கேட்டதற்கு, அந்தப் பெண் பொய் சொல்லத் தெரியாதவள், கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாகிட்சாவே பேச்சை மாற்றினாள்.

அஸ்திவாரத்தை எடுக்கும் உத்தரவு, நிலத்துக்காரர்கள் பெயரில் ஜெர்மனிக்குப் போனது. மார்செல் தொலைபேசியில் அழுதான். அவனுக்குத் தெரிந்த நம் வார்த்தைகள் அழுவதற்குப் போதவில்லை. பாதியில் ஜெர்மனுக்குத் தாவினான். "நீ வர வேணாம்," என்றாள் யாகிட்சா. "நாங்க ஊத்தினது, நாங்களே எடுத்துக்கறோம்."

அக்டோபரில் உடைத்தார்கள். ஊற்றிய நாளில் வந்த கூட்டம் உடைக்க வரவில்லை. அறுவடை, காய்ச்சல், மைத்துனன் வீட்டுக் கல்யாணம் என்று ஆளுக்கொரு காரணம். வந்து நின்று பார்க்க யாருக்கும் மனம் இல்லை என்பதுதான் விஷயம். ஸ்வோன்கோ மட்டும் சம்மட்டியோடு வந்தான். சில நாள் நாங்களும் போய்க் கை கொடுத்தோம். அவன் போட்டது நல்ல கான்கிரீட். அடிக்கு ஒரு சில்லுதான் தெறித்தது. கம்பியும் அவன் தாராளமாகப் போட்டிருந்தான்.

"எந்த மடையன் இவ்வளவு சிமெண்டு போட்டான்!" என்று மூச்சு வாங்க அடித்தான்.

"உனக்குன்னு போடறப்ப கம்மியா போடுவியே, எனக்குன்னா ஏன் இப்படிப் போட்ட?" என்றாள் யாகிட்சா. உடைந்த துண்டுகளை வாளியில் அள்ளி வேலியோரம் குவித்துக்கொண்டிருந்தாள். முழங்கால் மடங்காததால் ஒரு காலை நீட்டியபடியே குனிந்தாள்.

"யாகா, நான் வேணும்னு..."

"தெரியும். அடி."

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, முற்பகலில், கீழேயிருந்து ஒரு நீண்ட லாரி உறுமிக்கொண்டு மேலே வந்தது. வெளிநாட்டு எண். பின்னால் பிளாஸ்டிக் சுற்றிய மரச் சுவர்கள் நிமிர்த்திக் கட்டியிருந்தன. வேலிக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். ஸ்லோவேனியாக்காரன் போலிருக்கிறது; பேச்சு பாதி புரிந்தது.

"டெலாச் வீடு எங்க இருக்கு? வழி சொல்ற மெஷின் என்னை இங்க கொண்டாந்து விட்டுருச்சு."

ஸ்வோன்கோ சம்மட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். "தெரியாது," என்றான்.

யாகிட்சா வாளியை வைத்துவிட்டு, கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வேலிப் பக்கம் நடந்தாள்.

"அவனுக்குத் தெரியும், வாய் சரியில்ல. நீங்க இப்படியே கீழ போங்க. பள்ளிக்கூடம் தாண்டினதும் நேரா ஒரு பாலம் தெரியும், அதுல ஏறாதீங்க, மரப்பாலம், உங்க கனம் தாங்காது. இடது பக்கம் மில்லைச் சுத்திப் போனா கல் பாலம் வரும். ஏறினதும் மூணாவது வாசல். நாய் குலைக்கும், கடிக்காது."

"ரொம்ப நன்றிங்க." அவன் அவளைத் தாண்டிப் பார்த்தான். "இங்கயும் வீடா கட்டறீங்க?"

"இல்ல, உடைக்கிறோம்."

அவள் வேடிக்கை பேசுவதாக நினைத்து அவன் பெரிதாகச் சிரித்தான். கையை ஆட்டிவிட்டு லாரியைத் திருப்பினான். திருப்ப இடம் போதவில்லை, யாகிட்சா சாலைக்கு நடுவில் போய் நின்று, "வாங்க, வாங்க, இன்னும், போதும்!" என்று கைகாட்டினாள். கடைசி வளைவில் ஒரு சுவரின் ஓரம் பிளம் கிளையில் உரசியது. அவள் காலை இழுத்துக்கொண்டு விரைந்து போய்க் கிளையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள், பிளாஸ்டிக் கிழியாமல் லாரி போகும் வரைக்கும்.

பிறகு வந்து வாளியை எடுத்தாள். ஸ்வோன்கோ இன்னும் சம்மட்டியை ஊன்றியபடியே நின்றான்.

"என்ன பாக்கற?" என்றாள். "அதிகாரி வெள்ளிக்கிழமை வர்றாரு."